கவுன்சில் வீட்டில் பூஞ்சணம்: ஒம்புட்ஸ்மனா, நீதிமன்றமா?

அலமாரியை நகர்த்தினால் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். குழந்தையின் மெத்தை வரை ஈரவாடை. வீட்டை வாடகைக்கு விட்ட கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சி அமைப்புக்கு, பலமுறை சொல்லியும் ஆள் வரவில்லை. இங்கிலாந்தில் இப்படித் தவிப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, வீட்டுவசதி ஒம்புட்ஸ்மன், அதாவது வாடகைதாரர்களின் புகார்களை விசாரிக்கும் நடுநிலை அதிகாரி. செலவே கிடையாது. ஆனால் முதலில் கவுன்சிலிடமே முறைப்படி புகார் கொடுக்க வேண்டும். புகார் கிடைத்ததாக அவர்கள் உறுதிசெய்த 10 வேலைநாளில் பதில் வரவேண்டும். திருப்தி இல்லையென்றால் இரண்டாம் கட்டத்துக்கு 20 வேலைநாள். அப்புறம்தான் ஒம்புட்ஸ்மன். பழுது பார்க்கவும் இழப்பீடு தரவும் அவர் உத்தரவிடலாம். விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும், அதுதான் குறை.

மற்றது நீதிமன்றம். கூரை, சுவர், குழாய், ஹீட்டிங் எல்லாம் வீட்டு உரிமையாளர் (இங்கே கவுன்சில்) பொறுப்பு என்கிறது 1985ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர்-வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு. இழப்பீடு கூடுதலாக வரலாம். தோற்றால் செலவு உங்கள் தலையில் விழலாம். 'ஜெயித்தால்தான் கட்டணம்' என்று கதவைத் தட்டும் வழக்கு முகவரிடம் கையெழுத்துப் போடுமுன் இதைக் கேட்டுத் தெளியுங்கள். வழக்குப் பதிவாகிவிட்டால் அதே விஷயத்தை ஒம்புட்ஸ்மன் எடுக்கமாட்டார்.

அதனால் முதல் வழியில் தொடங்குங்கள் என்பேன். உயிருக்கே ஆபத்து என்றால் இரண்டுக்கும் காத்திருக்க வேண்டாம். ரோச்டேல் நகரில் 2020இல் பூஞ்சணத்தால் இறந்த இரண்டு வயது அவாப் இஷாக் பெயரிலான சட்டம் 2025 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அவசர ஆபத்தைக் கவுன்சில் 24 மணி நேரத்துக்குள் கவனித்தாக வேண்டும்.

வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பாக்கியைக் காட்டி வீட்டையே காலி செய்யச் சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.