ஒரே அறையா, தனித்தனிப் பாதையா? மெத் பழக்கத்திலிருந்து தம்பதியாக மீள நினைப்பவர்களுக்கு

மறுவாழ்வு மையத்தின் சேர்க்கை மேசையில் என் தம்பி கேட்ட முதல் கேள்வி இதுதான்: "நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருக்க முடியுமா?" எத்தனை நாள் சிகிச்சை, யார் மருத்துவர் என்று எதையும் அவன் கேட்கவில்லை. பக்கத்தில் அவன் மனைவி அவனுடைய சட்டைக் கையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான்கு ஆண்டுகள் சேர்ந்தே மெத் (மெத்தாம்ஃபெட்டமைன் என்னும் தூண்டிப் போதைப்பொருள்) புகைத்தவர்கள். விடுவதென்றாலும் சேர்ந்துதான் என்று முடிவுகட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களைக் கூட்டிச்சென்ற அக்காவான எனக்கு, அது நல்ல முடிவா கெட்ட முடிவா என்று அன்று சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகான ஒன்றரை ஆண்டில் ஒரே அறை, தனித்தனி மையங்கள், வீட்டிலிருந்தபடி வெளிநோயாளிச் சிகிச்சை என்று மூன்று வழிகளையும் கிட்டத்தில் இருந்து பார்த்துவிட்டேன். ஆய்வுகளையும் தேடித் தேடிப் படித்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருவரும் ஒரே காலத்தில் தொடங்குவது நல்லது. முதல் சில வாரங்கள் வேறு வேறு கூரையின் கீழ் இருப்பது நல்லது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பெறும் சிகிச்சை அதற்கு அடுத்த கட்டமாக வரவேண்டும்.

மெத்துக்கு ஏன் தனிக் கணக்கு

மதுவை விடுபவர்களுக்கும் ஹெராயினை விடுபவர்களுக்கும் சொல்லப்படும் ஆலோசனை மெத்தாம்ஃபெட்டமைனுக்கு அப்படியே பொருந்தாது. ஹெராயின் போன்றவற்றுக்கு மெதடோன், பியூப்ரெனார்ஃபின் என்று கைகொடுக்கும் மருந்துகள் உண்டு. மெத்துக்கென்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் அளித்த மருந்து ஒன்றுகூட இல்லை. 2021இல் வெளியான 403 பேர் கொண்ட சோதனையில் நால்ட்ரெக்சோன் ஊசியும் பியூப்ரோப்பியான் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. பலன் தெரிந்தது 13.6 சதவீதத்தினருக்கு, போலி மருந்து பெற்றவர்களில் 2.5 சதவீதத்தினருக்கு. நம்பிக்கை தரும் வேறுபாடுதான். ஆனாலும் பெரும்பாலானோருக்கு மருந்து மட்டும் போதவில்லை என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன. ஆக, பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது பேச்சுச் சிகிச்சை, பழக்க மாற்றம், சுற்றி இருக்கும் மனிதர்கள். தம்பதியரில் அந்த "சுற்றி இருக்கும் மனிதர்" முதலில் யார்? கூடவே புகைத்தவர்.

நிறுத்திய முதல் சில நாட்கள் உடல் அப்படியே சரிந்துவிடும். ஓயாத தூக்கம், அடங்காத பசி, இருண்ட மனம். தற்கொலை எண்ணம் எழக்கூடிய நாட்கள் இவை. பார்வையில் வைத்திருக்க ஆள் வேண்டும். கடுமையான கட்டம் ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாளில் தணியும். அதற்குப் பின்னும் எதிலும் சுவை தட்டாத நிலை மாதக்கணக்கில் நீளலாம். 2001இல் மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர் வெளியிட்ட சிறிய மூளைப்பட ஆய்வில், 12 முதல் 17 மாதங்கள் விலகி இருந்தவர்களிடம் மூளையில் இன்ப, ஊக்க உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்னும் வேதிப்பொருளின் கடத்திகள் கணிசமாக மீண்டிருந்தன. நினைவு, உடலசைவு போன்றவற்றின் செயல்திறன் அதே அளவுக்கு மீளவில்லை. முப்பது நாளில் ஆளையே புதிதாக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், இந்த மாதக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பதியருக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, மெத் உடலுறவோடு பின்னிக்கொள்ளும் போதை. பல ஆண்டுகள் போதையில் மட்டுமே நெருங்கியவர்களுக்கு, தெளிந்த நிலையில் வரும் முதல் நெருக்கமே வலுவான தூண்டலாகிவிடும். இன்னொன்று, சந்தேகம். மெத் கிளப்பும் மனப்பிரமை துணையின் மீதே பாய்வதுண்டு. யாரோடு பேசினாய், போனை ஏன் கவிழ்த்து வைத்தாய் என்று தொடங்கும் விசாரணை, போதை இறங்கிய பிறகும் மனத்தில் வடுவாகத் தங்கிவிடும். இந்த இரண்டையும் வெட்கம் பார்க்காமல் பேச இடம் தராத மையம், தம்பதியருக்கான சிகிச்சை என்று பலகை வைத்திருந்தாலும் பயனில்லை.

ஒரே மையம், ஒரே அறை

இதற்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இது இல்லையென்றால் சிலர் வரவே மாட்டார்கள். தனியே விட்டுவிட்டால் அவர் என்ன ஆவாரோ என்ற பயம், குறிப்பாகப் பெண்களை, வாசல்வரை வந்தும் திரும்ப வைக்கிறது. வேறு போக்கிடம் இல்லாத இருவருக்கு ஒரே கூரை கிடைப்பது சிறிய விஷயமல்ல.

ஆனால் நான் கண்டது வேறு. ஒன்பதாவது நாள் பார்க்கப் போனேன். நண்பகல், திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. இருவரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். காலைக் குழுக் கூட்டத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, "அவள் எழுந்தால் நானும் எழுந்துவிடுவேன், அக்கா" என்றான். அவளிடம் கேட்டேன். "அவர் தூங்குகிறாரே, அண்ணி." ஒருவர் சோர்வு மற்றவருக்கு அனுமதிச் சீட்டாகியிருந்தது. கூட்டத்துக்குப் போன நாட்களிலும் எதிரில் துணை உட்கார்ந்திருக்கும்போது உண்மை வாய்க்கு வரவில்லை. அவள் சொல்லவேண்டியதில் பாதி அவனைப் பற்றியது. பத்தொன்பதாம் நாள் இரவு அவளுக்கு ஏக்கம் வந்தது. விடிவதற்குள் இரண்டு பைகளும் தயாராகிவிட்டன. தனியாக இருந்திருந்தால் ஒருவராவது தங்கியிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒரே மையம், வேறு வேறு பகுதி, வேறு வேறு ஆலோசகர், வாரம் ஒருமுறை இருவரையும் உட்காரவைத்துப் பேசும் ஏற்பாடு என்றால் கதை மாறும். அப்படி ஒரு மையம் கிடைத்தால் ஒரே அறையை விட அதையே தேர்ந்தெடுப்பேன். பகலில் ஒரே முற்றம், இரவில் தனித்தனிக் கதவு.

தனித்தனி மையங்கள்

இரண்டாவது முறை அவர்கள் போனது இப்படித்தான். முதல் மூன்று வாரத்தில் அவளிடம் நான் கண்ட மாற்றம் மறக்க முடியாதது. தன் பெயரில் பேசத் தொடங்கினாள். "எங்களுக்கு" என்ற சொல் குறைந்து "எனக்கு" என்ற சொல் வந்தது. எப்போது தொடங்கினாள், எதற்குப் பயந்தாள் என்பதெல்லாம் அவளுடைய கதையாக வெளிவந்தது.

தம்பிக்கு எதிர்மாறு. அவன் இருந்த மையத்தில் முதல் மாதம் எந்தத் தொடர்பும் கூடாது என்பது விதி. மனைவி நலமாக இருக்கிறாள் என்ற ஒரு வரிச் செய்திகூடப் போய்ச் சேரவில்லை. பன்னிரண்டாம் நாள் கையெழுத்துப் போட்டு வெளியேறத் தயாராக நின்றான். அங்கிருந்த பணியாளர் ஒருவர் விதியைத் தளர்த்தி, அவள் கைப்பட எழுதிய நான்கு வரியை வாங்கித் தந்திராவிட்டால் போயிருப்பான். துணையை வெறும் தூண்டலாக மட்டும் பார்க்கும் மையங்கள் இந்த இடத்தில் தவறுகின்றன. பிரித்துவைப்பது சிகிச்சை, இருட்டில் வைப்பது சிகிச்சையாகாது. ஆலோசகர் வழியாக வாரம் இருமுறை கடிதம் என்ற அளவிலாவது ஒரு நூல் இருக்கட்டும்.

உள்நோயாளிச் சிகிச்சையிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு நல்ல அளவுகோல். மையத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களிடம் முதல் சில மாதங்களில் பெரிய பலன் தெரிந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தேய்ந்தது. உடலிலிருந்து போதையை இறக்கும் சில நாள் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கோ, சிகிச்சையே பெறாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஒரு வாரம் படுக்கவைத்து அனுப்பும் இடங்களை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்காததற்குக் காரணம் இதுவே.

ஒருவர் முதலில், மற்றவர் பிறகு

குழந்தையோ வேலையோ காரணமாகச் சிலருக்கு இது மட்டுமே முடியும். மீண்டு வருபவர், இன்னும் புகைக்கிற வீட்டுக்குத் திரும்புவது மிகப்பெரிய ஆபத்து. முதலில் முடித்தவர் இரண்டாமவர் முடிக்கும்வரை வேறெங்காவது தங்க முடிந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

வீட்டிலிருந்தபடி, தம்பதிச் சிகிச்சையோடு

எனக்கு அதிக நம்பிக்கை தந்தது இந்த வழி; தொடக்கமாக அல்ல, தொடர்ச்சியாக. இங்கே மூன்று இழைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் இழை, ஊக்கப் பரிசு முறை. வாரம் இருமுறை சிறுநீர்ச் சோதனை. தெளிவாக இருந்தால் பரிசுச் சீட்டு. தொடர்ந்து தெளிவாக இருந்தால் பரிசின் மதிப்பு ஏறும். தவறினால் மீண்டும் முதல் படி. கேட்க எளிமையாக இருக்கிறது. மெத் போன்ற தூண்டிப் போதைகளுக்கு மிக வலுவான சான்றுள்ள சிகிச்சை இதுதான் என்று அமெரிக்க அடிமைநோய் மருத்துவர் சங்கத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டியும் சொல்கிறது. தம்பதியருக்கு ஒரு எச்சரிக்கை: இருவர் கணக்கையும் ஒன்றாக்காதீர்கள். ஒருவர் தவறியதற்கு மற்றவர் பரிசை இழந்தால், அன்று மாலை வீட்டில் நடக்கும் சண்டை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் இழை, மேட்ரிக்ஸ் முறை. 16 வாரங்கள் குழுக் கூட்டம், குடும்பக் கல்வி, நேர அட்டவணை என்று நடப்பது. 2004இல் 978 பேரிடம் எட்டு இடங்களில் நடந்த ஒப்பீட்டில், வழக்கமான சிகிச்சையைவிட இதில் ஆட்கள் நீடித்து நின்றார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது வித்தியாசம் மறைந்திருந்தது. நல்ல ஏணி; ஏணியிலேயே குடியிருக்க முடியாது.

மூன்றாவது, நடத்தைசார் தம்பதிச் சிகிச்சை. உளவியலாளர் திமோத்தி ஓ'ஃபாரெல் போன்றோர் வளர்த்தது. இதன் உயிர்நாடி தினமும் இரண்டு நிமிடம் நடக்கும் ஓர் உரையாடல். தம்பி வீட்டில் அதைப் பார்த்திருக்கிறேன். காலை ஏழு மணி, சமையலறை மேசை, நடுவில் மாதக் காலண்டர். அவன் சொல்வான்: "நேற்று நான் எடுக்கவில்லை. இன்றும் எடுக்காமல் இருக்கப் போகிறேன். நீ துணை நிற்பதற்கு நன்றி." அவள் நன்றி சொல்லிவிட்டுத் தன் முறைக்கு அதையே சொல்வாள். ஆளுக்கொரு கட்டத்தில் ஆளுக்கொரு குறி. சில நாட்கள் அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே முனகுவான். அவள் பேனாவைத் திறக்காமல் காத்திருப்பாள். அவன் முகத்தைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் குறி விழும். பழைய தவறுகளைக் கிளறும் பேச்சு ஆலோசகர் அறைக்கு வெளியே கூடாது என்பது கூடவே வரும் விதி. விசாரணையிலேயே விடிந்த வீட்டில் அந்த ஒரு விதி எவ்வளவு காற்றைத் திறந்துவிட்டது என்பதை நான் கண்ணால் கண்டேன்.

இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இந்தச் சிகிச்சைக்கான சோதனைகளில் பெரும்பாலானவை மது சார்ந்தவை, தம்பதியரில் ஒருவர் மட்டும் போதையில் இருந்த நிலையில் நடந்தவை. இருவரும் பயன்படுத்துபவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை. இருவரும் மீள்கிறவர்கள் என்றால் ஆலோசகர் அதற்கேற்ப மாற்றத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தவர், இருவரும் தனித்தனியே குறைந்தது ஆறு வாரம் தெளிவாக இருந்த பிறகே கூட்டு அமர்வைத் தொடங்கினார். அந்தக் காத்திருப்பு அன்று எனக்கு வீண் பிடிவாதமாகத் தெரிந்தது. அவர் செய்ததுதான் சரி.

ஒப்பீட்டுக்கே இடமில்லாத நிலை

அடியோ மிரட்டலோ இருந்தால் மேலே சொன்ன எதையும் எடை போடாதீர்கள். தனித்தனி மையம், தனித்தனி முகவரி, அவ்வளவுதான். சேர்க்கையின்போது ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து இதைக் கேட்காத மையத்தை நம்ப வேண்டாம், துணை அருகில் இருக்கும்போது "வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் வரும்.

மையத்திடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

பட்டியல் நீளமாகப் போடலாம். ஒன்றே ஒன்றைக் கேட்க நேரம் இருந்தால் இதைக் கேளுங்கள்: "எங்களில் ஒருவர் மறுபடி எடுத்துவிட்டால் அன்றைக்கு மற்றவருக்கு என்ன செய்வீர்கள்?" இருவரையும் வெளியேற்றுவோம் என்பவர்கள் உண்டு. அதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்பவர்கள் உண்டு. எழுதிவைத்த திட்டம் இருக்கிறது, இதோ என்று காட்டுபவர்களும் உண்டு. அவர்களிடம் சேருங்கள்.

தம்பி வீட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பதினொன்றாம் மாதத்தில் ஒருநாள் அது தேவைப்பட்டது. பழைய கூட்டாளி ஒருவனைச் சந்தித்த இரவு, தம்பி எடுத்துவிட்டான். தாளில் எழுதியிருந்தபடியே அவள் சண்டை போடவில்லை. ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்து படுத்தாள். அவன் ஆலோசகரை அழைத்தான். மறுநாள் காலை அவன் மருத்துவரிடம் போன நேரத்தில் அவள் தன்னுடைய குழுக் கூட்டத்துக்குப் போனாள். போகும் முன், பையிலிருந்து காலண்டரை எடுத்து என் மேசையில் விரித்தாள். அவன் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, தன் கட்டத்தில் குறி போட்டாள்.