விவிலியம் வாசிக்க எந்தத் துணைநூல்?

ஆங்கிலத்தில் வாசிக்கும் கத்தோலிக்கர்கள் பலர் தயங்கி நிற்பது விளக்கங்களோடு வரும் இந்த இரண்டு விவிலியப் பதிப்புகளுக்கும் நடுவில்தான்: 'கிரேட் அட்வென்ச்சர்', 'இக்னேஷியஸ் ஸ்டடி பைபிள்'. மொழிபெயர்ப்பு இரண்டிலும் ஒன்றே.

முன்னது கதையைப் பிடித்துக்கொள்கிறது. கத்தோலிக்க விவிலியத்தில் மொத்தம் 73 நூல்கள்; அவற்றில் தொடக்கநூல் முதல் திருத்தூதர் பணிகள் வரை 14 நூல்களை மட்டும் கோத்து, 12 காலகட்டங்களாக, கட்டத்துக்கு ஒரு நிறமாகக் காட்டுகிறது. இஸ்ரயேல் இரண்டாகப் பிளவுண்ட அரசின் காலத்துக்குக் கறுப்பு, திருச்சபையின் காலத்துக்கு வெள்ளை. சட்டங்கள் நிறைந்த லேவியர் நூலில் சோர்ந்து பாதியிலேயே மூடிவைத்தவர்களுக்கு (எத்தனை பேர்!) இதுவே கைகொடுக்கும்.

இக்னேஷியஸ், வசனத்துக்கு அடியில் குறிப்பு, சொல்லாய்வு, திருச்சபையின் போதனைகளைத் தொகுத்த மறைக்கல்வி நூலுக்கான சுட்டுகள் என ஆழம் போகிறது. முழு விவிலியமும் ஒரே தொகுதியாக வந்தது 2024இல்தான். கனமான புத்தகம், மேசையில் வைத்துத்தான் படிக்க முடியும்.

முதல்முறை வாசிப்பவருக்கு நான் தயங்காமல் முன்னதையே கொடுப்பேன். மறைக்கல்வி ஆசிரியருக்கு இக்னேஷியஸ்.