உள்ளங்கை அளவு அரூப ஓவியங்கள்: அக்ரிலிக்கா, எண்ணெய் வண்ணமா?

பதினைந்து சென்டிமீட்டர் சதுரத்தில் அரூப ஓவியங்கள் ஒரு வரிசையாகச் செய்யலாம் என்று உட்கார்ந்தபோது, எதை வரைவது என்ற குழப்பம் எனக்கு இல்லை. எதில் வரைவது என்பதிலேயே ஒரு வாரம் போயிற்று. கடைசியில் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டேன்: தடித்த காகிதத்தில் அக்ரிலிக் 12, ஒட்டுப்பலகையில் எண்ணெய் வண்ணம் 12. கான்வாஸை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிட்டேன். பெரிய படத்தில் கண்ணில் படாத துணி நெசவு, இந்த அளவில் சல்லடை போலத் துருத்திக்கொண்டு நிற்கும். மெல்லிய கோடு இழுத்தால் மேடு பள்ளங்களில் நொண்டியடிக்கும்.

முன்தயாரிப்பில் காகிதத்துக்கே வெற்றி. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள காகிதத்தை வெட்டி, நான்கு ஓரமும் டேப் ஒட்டினால் வேலை தொடங்கிவிடலாம். முடிந்ததும் டேப்பை உரிக்கும்போது கிடைக்கும் அந்தச் சுத்தமான வெள்ளை விளிம்பு, சுமாரான படத்தையும் தூக்கிக் காட்டும். நான் இரண்டு முறை அதில் ஏமாந்தேன். மறுநாள் விளிம்பைக் கையால் மறைத்துப் பார்த்தபோதுதான் படத்தில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. பலகையோ பொறுமையைச் சோதிக்கும். அறுத்து, உப்புத்தாள் தேய்த்து, ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளையும் என்பதால் பின்புறமும் பூசி, முன்புறம் மூன்று கை ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு அடித்து, ஒவ்வொரு கைக்கும் நடுவில் மறுபடி தேய்க்க வேண்டும். இரண்டு நாள் தூரிகையில் வண்ணமே படவில்லை.

உண்மையான வேறுபாடு உலரும் நேரத்தில் இருக்கிறது. அக்ரிலிக்கில் தண்ணீர் ஆவியானால் தீர்ந்தது. மெல்லிய பூச்சு சில நிமிடங்களில் இறுகிவிடும். சிறிய படத்துக்குப் பட்டாணி அளவு வண்ணம் போதும். ஆனால் அந்தப் பட்டாணி, இடமா வலமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் தட்டிலேயே காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி மெல்ல இறுகுகிறது. தொட்டுப் பார்க்கவே பல நாட்கள் ஆகும். அதிலும் மாங்கனீசு கலந்த அம்பர் (umber) என்ற மண் பழுப்பு சீக்கிரம் காயும், டைட்டானியம் வெள்ளை இழுத்தடிக்கும்.

தவறைத் திருத்தும்போதுதான் இந்த வேறுபாடு உறைத்தது. அக்ரிலிக் வரிசையில் ஐந்தாவது படம்: காவி மஞ்சள் தளம், அதன்மேல் சாம்பல் நீலத்தில் ஒரு முக்கோணம். முக்கோணம் சற்று மேலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மஞ்சளால் மூடிவிட்டு மேலே வரைந்தேன். பிறகு இடப்பக்கம். பிறகு மறுபடி கீழே. நான்காவது முறை மூடியபோது காகிதத்தின் சொரசொரப்பு போய், மேசைவிரிப்பு பிளாஸ்டிக் போல ஆகியிருந்தது. பழைய முக்கோணங்களின் விளிம்புகள் தழும்பாக அடியில் எழுந்து நின்றன. எண்ணெய் வரிசையில் அதே முக்கோணத்தை வைத்தேன், அதே போலப் பிடிக்கவில்லை, துணியால் துடைத்தேன். முழுவதும் போகவில்லை, மஞ்சளுக்குள் மங்கலாக ஒரு நீலக் கறை தங்கியது. அந்தக் கறைதான் படம். அதன்மேல் நான் வேறெதுவும் செய்யவில்லை.

மூடுவதும் துடைப்பதும் ஒன்றல்ல. மூடினால் அடுக்கு கூடும், துடைத்தால் குறையும். கை அகலப் பரப்பு நாலு திருத்தத்துக்கு மேல் தாங்குவதில்லை.

நிறத்திலும் அக்ரிலிக் ஒரு கண்கட்டு வித்தை காட்டும். ஈரத்தில் பால் போல இருக்கும் கலவை காய்ந்ததும் தெளிவாகி, நிறம் ஒரு படி கருத்துவிடும். மூன்றே நிறங்கள் உள்ள படத்தில் ஒரு படி என்பது பெரிய விஷயம். காகிதத் துண்டில் தொட்டுக் காயவைத்துப் பார்த்தபிறகே படத்தில் வைப்பது என்று பழகிக்கொண்டேன். எண்ணெயில் இந்தத் தொல்லை குறைவு, பழுப்புகள் மட்டும் ஒளி மங்கிச் சோர்ந்துபோகும். (குவாஷ் என்ற, நீரில் கரையும் அடர்வண்ணத்தையும் ஒருநாள் முயன்றேன். மேல்பூச்சின் ஈரம் கீழ்ப்பூச்சைக் கிளப்பிவிட்டது; அன்றோடு மூடிவைத்தேன்.)

ஆனால் 'வரிசை' என்று பார்த்தால் அக்ரிலிக்கைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு தாள்களையும் மேசையில் பரப்பி, ஒரே கலவையை நாலைந்தில் வைத்துக்கொண்டே போனேன். அவை உடன்பிறப்புகள் போல வந்தன. எண்ணெய்ப் பலகைகள் தனித்தனியே நன்றாக இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் அறிமுகமில்லாதவர்கள் போல நிற்கின்றன. இது வண்ணத்தின் குற்றமில்லை, ஒவ்வொன்றாக முடித்த என் பழக்கத்தின் குற்றம். ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் 1950 முதல் 1976இல் இறக்கும்வரை 'சதுரத்துக்கு மரியாதை' என்ற வரிசையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் செய்தவர். அழுத்தப்பலகையில் எண்ணெய் வண்ணத்தைப் பெரும்பாலும் கலக்காமல், குழாயிலிருந்து வந்தபடியே கத்தியால் பரப்பினார்; எந்த நிறம் என்பதைப் பலகையின் பின்புறம் எழுதிவைத்தார். நான் எழுதிவைக்காததால், இரண்டாம் தாளின் பச்சையை ஒன்பதாம் தாளில் மறுபடி பிடிக்க ஒரு மாலை முழுவதும் செலவாயிற்று, கிடைக்கவும் இல்லை.

வீட்டுப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காகிதப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் வேண்டும், பலகையை அப்படியே மாட்டலாம். எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனின் வாடை வீட்டில் இருப்பவர்களுக்குப் பிடிக்காது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் குவித்துவைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைக்க வேண்டும்.

முதல் வரிசை செய்பவர் என்னைக் கேட்டால், தயங்காமல் காகிதமும் அக்ரிலிக்கும் என்பேன். ஒரு படத்தில் இரண்டு முறைக்குமேல் மூடக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. நான் எண்ணெய்க்கே திரும்புகிறேன், ஆனால் முழுதாக இல்லை. அடித்தளத்தை அக்ரிலிக்கில் போட்டு மேலே எண்ணெய் வைக்கலாம். எண்ணெயின் மேல் அக்ரிலிக் மட்டும் கூடாது, பிடிக்காமல் உரியும். இப்போது ஆறு பலகைகளுக்கு ஒரே நாளில் ஒரே காவி மஞ்சளைப் பூசிச் சுவரோரம் சாய்த்துவைத்திருக்கிறேன். மூன்றாவதில் அந்த முக்கோணம் மறுபடி வந்துவிட்டது. பின்புறம் நிறத்தின் பெயரை எழுதியாயிற்று. துடைப்பதா விடுவதா என்று தீர்மானிக்க இன்னும் இரண்டு நாள் ஈரம் இருக்கிறது.