கரண்ட் வந்ததும் தானாக எழும்ப வேண்டும்: பத்து வருட லினக்ஸ், பிஎஸ்டி அனுபவம்

திருகோணமலையில் அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட எங்கள் கடை இருக்கிறது. தட்டச்சு, போட்டோக்கொப்பி, கல்யாணக் கார்ட், பழைய படங்களை ஸ்கான் செய்து திருத்திக் கொடுப்பது என்று எல்லாம் நடக்கும். ஊர் வழக்கில் சொன்னால் ஒரு கொம்யூனிகேஷன். 2015 முதல் இங்குள்ள சேவர்களும், ஒன்றைத் தவிர மற்றெல்லா மேசைக் கணினிகளும் திறந்த மூல இயங்குதளங்களில்தான் ஓடுகின்றன. உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ், டவுனுக்குள் ஒரு பார்மசி, இந்த இரண்டு இடத்துக் கணினிகளையும் நான்தான் பார்க்கிறேன். சென்ட்ஓஎஸ், அல்மாலினக்ஸ், டெபியன், உபுண்டு, மின்ட், ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என ஏழையும் (முதல் ஐந்தும் லினக்ஸ், கடைசி இரண்டும் யுனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி) உண்மையான வேலையில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

கணினி படிக்கும் பெடியள் வந்து "எந்த டிஸ்ட்ரோ நல்லது அண்ணா?" என்று, அதாவது லினக்ஸின் எந்த வகை நல்லது என்று கேட்டால், வேகத்திலும் அழகிலும்தான் கதை தொடங்கும். எனக்கு இப்போது முக்கியமாகப் படுபவை இரண்டு கேள்விகள். கரண்ட் போய் வந்தால் யாரும் கை வைக்காமல் தானாக எழும்புமா? பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும், அந்த ஆண்டை யாராவது நடுவில் மாற்றிவிட முடியுமா?

இரண்டாவது கேள்வியைக் கற்றுத் தந்தது சென்ட்ஓஎஸ், அதாவது ரெட்ஹாட் கம்பனியின் லினக்ஸை ஒத்த இலவச லினக்ஸ். 2015இல் சென்ட்ஓஎஸ் 7 போட்டேன். 2024 ஜூன் வரை ஆதரவு என்று எழுதியிருந்தது, அதை நம்பித்தான் போட்டது. உண்மையில் அது கடையின் மூலையில் தூசி பிடித்தபடி ஒரு தொந்தரவும் இல்லாமல் வேலை செய்தது. 2020இல் கடைக்கும் பார்மசிக்கும் புதிய இயந்திரங்கள் வாங்கியபோது, 2029 வரை கவலையில்லை என்று நினைத்து இரண்டிலும் சென்ட்ஓஎஸ் 8 போட்டேன். அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று, 8ஆம் பதிப்பு 2021 டிசம்பர் 31உடன் முடியும் என்று அறிவித்தார்கள். 7ஆம் பதிப்பின் தேதி மட்டும் மாறவில்லை. பழையது இருக்கப் புதியது முதலில் போகிறது! அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இலவசமாகத் தந்தவர்களிடம் கோபப்பட எனக்கு உரிமை இல்லை, அது தெரியும். ஆனால் ஒரு தேதியை நம்பி அடுத்தவரின் கடையில் இயந்திரத்தை வைத்தவன் நான். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்.

அந்த இடத்தை நிரப்ப இரண்டு வந்தன. 2021 மார்ச்சில் அல்மாலினக்ஸ், ஜூனில் ரொக்கி லினக்ஸ். சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர்தான் ரொக்கியையும் தொடங்கினார். காலமான தன் கூட்டாளி ரொக்கி மெக்கோவின் நினைவாக அந்தப் பெயரை வைத்தார். பார்மசியின் மருந்துக் கணக்கு மென்பொருள் இந்த ரெட்ஹாட் குடும்பத்து இயங்குதளத்தில்தான் ஓடும் என்பதால் அங்கே அல்மா 8க்கு மாற்றினேன். அவர்களே தரும் மாற்று ஸ்கிரிப்டை ஒரு ஞாயிறு இரவு ஓடவிட்டேன், திங்கள் காலை பார்மசிக்காரருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இதற்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. இந்தக் குடும்பத்தில் 9ஆம் பதிப்புக்குப் போக நினைப்பவர்கள் இயந்திரத்தின் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு எக்ஸ்86-64-வி2 என்ற, கொஞ்சம் புதிய தரத்துச் செயலி வேண்டும். நம் ஊர்க் கடைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கோர் 2 டுவோவில் அது ஏறாது.

எங்கள் கடைச் சேவர் டெபியனுக்கு மாறியது. முடிவெடுக்கக் காரணம் எளிது: டெபியன் எந்தக் கம்பனிக்கும் சொந்தமில்லை. 1993இல் இயன் மர்டொக் தொடங்கியது, இன்றுவரை தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், தலைவரை ஆண்டுதோறும் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். ஒரு பதிப்புக்கு மூன்று ஆண்டு முழு ஆதரவு, அப்புறம் இரண்டு ஆண்டு நீண்டகால ஆதரவு. பத்து ஆண்டு இல்லைதான். ஆனால் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு இருந்த இடத்திலேயே தாவலாம். 11இலிருந்து 12க்கும், 12இலிருந்து 13க்கும் அதே ஹார்ட்டிஸ்க்கில் ஏறியிருக்கிறேன், ஒருமுறையும் புதிதாக நிறுவவில்லை.

13இல் மட்டும் ஒரு விஷயம் என்னைச் சுற்றவைத்தது. தற்காலிகக் கோப்புகள் போகும் டிஎம்பி அடைவு இப்போது இயல்பாகவே ரேமில் இருக்கிறது, ரேமின் பாதி வரை எடுத்துக்கொள்ளும். எங்கள் ஸ்கானர் மென்பொருள் பெரிய படங்களை அங்கேதான் முதலில் எழுதும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் ஒரு முழு ஆல்பத்தை ஸ்கான் செய்தபோது பாதியில் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. சேவைகளைத் தொடக்கி நிறுத்தும் சிஸ்டம்டியில் டிஎம்பி மவுன்டை மாஸ்க் செய்து, அதாவது இயங்காமல் தடுத்து, ரீபூட் பண்ணியதும் பழையபடி டிஸ்க்குக்குப் போனது. வெளியீட்டுக் குறிப்பில் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பதிப்பு மாற்றும் முன் அதை ஒருமுறை முழுதாக வாசியுங்கள், ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம்தான் ஆகும்.

இனி கரண்ட் கதை. 2022 மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்தார்கள். யூபிஎஸ் பற்றரி முழுதாகச் சார்ஜ் ஆக முன்னமே அடுத்த வெட்டு வந்துவிடும். அந்த மாதங்களில் எல்லா இயந்திரமும் நாளுக்கு இரண்டு மூன்று தடவை விழுந்து எழும்பியது. எந்த இயங்குதளம் எப்படி எழும்புகிறது என்று அப்போது கண்ணால் பார்த்தேன். டெபியனும் அல்மாவும் சத்தமில்லாமல் எழும்பின. அவற்றின் கோப்பு முறைமைகளான (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை) ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டுக்குமே ஜேர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துவைக்கும் பதிவு, உண்டு, விட்ட இடத்தைச் சில விநாடியில் சரிசெய்துகொள்ளும். அப்படியும் ஒரு காலை டெபியன் கணினியொன்றில் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்கவில்லை. மதர்போர்டின் நாணயப் பற்றரி செத்து, கடிகாரம் பல ஆண்டு பின்னால் போயிருந்தது. சான்றிதழ்கள் எல்லாம் 'இன்னும் செல்லாது' என்றன. அந்தக் கணினியில் நேரச் சேவையை நான்தான் எப்போதோ நிறுத்தியிருக்கிறேன். சிஸ்டம்டியின் டைம்சிங்க் ஓடிக்கொண்டிருந்தால் கடைசியாகத் தெரிந்த நேரத்தைக் கோப்பில் வைத்திருந்து அதற்குப் பின்னால் போகவிடாது. அதை இயக்கி, பற்றரியையும் மாற்றினேன். எல்லாக் கணினிகளின் பயோஸிலும் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) 'கரண்ட் மீண்டதும் தானாக இயங்கு' என்பதை அன்றே போட்டுவிட்டேன். யூபிஎஸ்ஸை யூஎஸ்பியில் இணைத்து நட் என்ற மென்பொருளையும் ஓடவிட்டால், பற்றரி முடிய முன் சேவர் தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும். லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது.

ஓபன்பிஎஸ்டியை நான் மனதார விரும்புகிறேன். கெஸ்ட் ஹவுஸின் ஃபயர்வோலாக, அதாவது இன்டர்நெட் போக்குவரத்தை வடிகட்டும் காவலாக, அதைத்தான் வைத்தேன். அதன் வடிகட்டியான பிஎஃப்பின் விதிகளை வாசித்தால் ஒரு வசனம் போல் விளங்கும், கையேடுகள் அவ்வளவு நேர்த்தி. அந்த மார்ச்சில் ஒரு இரவு போன் வந்தது. "தம்பி, கரண்ட் வந்து அரை மணித்தியாலமாகுது, இன்டர்நெட் இல்ல. கெஸ்ட் எல்லாம் கேட்டுக்கொண்டு நிக்கிறாங்க." மோட்டார் சைக்கிளில் போய்த் திரையைச் செருகிப் பார்த்தால், கோப்பு முறைமையைத் தானாகத் திருத்த முடியவில்லை, நீயே வந்து எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் கட்டளை) ஓடு என்று காத்துக்கொண்டிருக்கிறது. ஓபன்பிஎஸ்டியின் கோப்பு முறைமையான எஃப்எஃப்எஸ்ஸுக்கு ஜேர்னல் இல்லை. பாதுகாப்பாக இருக்கத்தான் கேட்கிறது, ஆனால் கேட்பதற்குப் பதில் சொல்ல அங்கே ஆளில்லை. அடுத்த வாரமும் அதேதான் நடந்தது. டிஸ்க்கின் பாகங்களை வாசிக்க மட்டும் என்று ஏற்றி வைத்தால் இதைத் தவிர்க்கலாம், அப்படிச் செய்து இன்னும் சில மாதம் ஓட்டினேன். கடைசியில் அங்கும் டெபியன், அதோடு லினக்ஸின் ஃபயர்வோலான என்எஃப்டேபிள்ஸ். நிலையான கரண்டும் பக்கத்தில் ஆளும் இருந்தால் இன்றைக்கும் ஃபயர்வோலுக்கு நான் முதலில் சொல்வது ஓபன்பிஎஸ்டிதான்.

ஃப்ரீபிஎஸ்டிக்கு வந்த காரணம் ஒரு கல்யாணப் படம். 2004 டிசம்பர் 26 சுனாமி அலையில் நனைந்து தப்பிய படங்களை இன்றும் ஆட்கள் கொண்டுவருகிறார்கள். ஓரத்தில் உப்பு நீர்க்கறை, பொலித்தீன் உறையோடு ஒட்டிப்போன முகங்கள். அவற்றை ஸ்கான் செய்து, ஒரு பிரதியைக் கடையிலும் வைத்துக்கொள்வோம். 2021இல் ஒரு அம்மா இரண்டாவது பிரதி கேட்டு வந்தார். கோப்பைத் திறந்தால் மாப்பிள்ளை பொம்பிளையின் தோளுக்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். டிஸ்க்கில் எங்கோ சில பிட்டுகள் கெட்டிருக்கின்றன. காப்புப் பிரதியைத் திறந்தேன், அதிலும் சாம்பல். கெட்ட கோப்பைத்தான் ஒழுங்காக, வாரம் தவறாமல், காப்பெடுத்து வந்திருக்கிறோம். அசல் படம் அந்த அம்மாவிடம் இருந்தபடியால் மறுபடி ஸ்கான் செய்தோம். இல்லையென்றால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்னும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

செட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, எழுதும் தரவின் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகை எழுதி வைக்கிறது. இரண்டு டிஸ்க் மிரராக, அதாவது ஒரே தரவை இரண்டிலும் எழுதும்படி, இருந்தால், ஒன்றில் கெட்டதை வாசிக்கும்போதே கண்டுபிடித்து மற்றதிலிருந்து சரிசெய்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் 2008இல் இருந்தே உண்டு, நிறுவும்போதே தெரிவு செய்யலாம். எழுதியதன் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவதால் கரண்ட் போனாலும் எஃப்எஸ்சிகே என்ற பேச்சே இல்லை. 2022 தொடக்கத்தில் 8 ஜிபி ரேம், இரண்டு 4 டிபி டிஸ்க்கோடு போட்டேன். மாதம் ஒருமுறை ஸ்கிரப், அதாவது எல்லாத் தரவையும் வாசித்துச் சரிபார்க்கும் வேலை, ஓடும். 2023இல் ஒரு காலை அறிக்கையில் இரண்டாவது டிஸ்க்குக்கு நேரே, பிழை எண்ணிக்கை பூச்சியமாக இருக்க வேண்டிய இடத்தில் 14 என்று நின்றது. கீழே, திருத்தப்பட்டது, இழந்த தரவு எதுவும் இல்லை என்ற வரி. அந்த வரியை நான் மூன்று தடவை வாசித்தேன். கேபிளைக் கழற்றிப் பார்த்தால் கடற்காற்றில் முனை பச்சை பிடித்திருந்தது. முன்பு நாங்கள் வைத்திருந்த முறையில் இது எனக்குத் தெரிய வந்திருக்காது.

பதிப்பு மாற்றுவதும் நிம்மதி. முதலில் பூட் என்வயரன்மென்ட் ஒன்றை, அதாவது இயங்குதளத்தின் அப்போதைய நிலையின் பிரதியை, எடுத்து வைத்தால், சரிவராவிட்டால் பழையதற்கே திரும்பலாம். 13இலிருந்து 14க்கு அப்படித்தான் போனேன், அதற்கு 2028 நவம்பர் வரை ஆதரவு இருக்கிறது. லப்டொப்பிலும் ஃப்ரீபிஎஸ்டி போட்டுப் பார்த்தேன். வைஃபை மெதுவாக இருந்தது, இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன்.

மேசைக் கணினிகளில் உபுண்டுவில் தொடங்கினோம். அதன் 22.04 பதிப்பில் ஃபயர்ஃபொக்ஸ் உலாவி ஸ்னாப் பொதியாக, தனக்கு வேண்டியதையெல்லாம் உள்ளேயே கட்டிக்கொண்டு, வந்தது. எங்கள் பழைய ஹார்ட்டிஸ்க் இயந்திரங்களில் காலையில் முதல் தடவை திறக்க வெகுநேரம் எடுத்தது, ஆட்கள் வரிசையில் நிற்க அது சரிப்படவில்லை. மின்ட் அதே உபுண்டு அடித்தளத்தில் ஸ்னாப் இல்லாமல் வருகிறது. எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான திரை அமைப்போடு வரும் பதிப்பைப் போட்டோம், ஊழியர்களுக்குப் பிடித்துவிட்டது. எஸ்எஸ்டியும் போதிய ரேமும் இருந்தால் உபுண்டுவில் எந்தக் குறையும் காணமாட்டீர்கள்.

ஆனால் எங்கள் கடையில் இயங்குதளத்தைத் தீர்மானித்தது தமிழ்த் தட்டச்சு. எங்கள் அக்கா இருபது வருடமாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிப்பவர். 'கொ' என்றால் அவருடைய விரல் கொம்பை முதலில், ககரத்தை அப்புறம், அரவைக் கடைசியில் தட்டும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிக்கோட் என்றதும் பயந்தார். லினக்ஸின் தட்டச்சு உள்ளீட்டு மென்பொருளான ஐபஸ்ஸில், பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் பொதியை நிறுவினால் இலங்கைக்கான ரெங்கநாதன் விசைப்பலகை இருக்கிறது. விசைகளின் இடமும் கொம்பு முதலில் வரும் ஒழுங்கும் அவருடைய விரலுக்குப் பழகியதுதான். முதல் நாள் ஒரு சத்தியக்கடதாசியை அடித்து முடித்துவிட்டு, "இவ்வளவுதானா தம்பி?" என்றார். அதே பொதியில் சிங்களத்துக்கு விஜேசேகர முறையும் உண்டு. இரண்டு மொழியிலும் படிவம் நிரப்ப வேண்டிய ஊரில் அது பெரிய உதவி.

மாறாத ஒரு விண்டோஸ் கணினி கடையில் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அச்சகங்கள் விண்டோஸ் வரைகலை மென்பொருளான கோரல்ட்ரோவின் கோப்புதான் கேட்கின்றன. திறந்த மூல வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப் அதைத் திறக்கும், ஆனால் எழுத்தும் நிழலும் இடம் மாறும். நாங்களே புதிதாக வடிவமைக்கும் கார்ட்டுகளை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்து, அச்சு மைகளின் நான்கு நிறத்தில் அமைந்த சிஎம்வைகே பிடிஎஃப் ஆகக் கொடுக்கிறோம். பிரின்டர் வாங்கும்போது ஐபிபி எவ்ரிவெயார் (தனி ட்ரைவர் இல்லாமல் அச்சிட உதவும் தரம்) ஆதரவு இருக்கிறதா என்று பார்த்தே வாங்குகிறோம். ட்ரைவரைத் தேடி ஒரு முழு நாளைத் தொலைத்த பிறகு வந்த வழக்கம் அது. 2022இல் டொலர் சில வாரங்களில் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்குப் போனபோது, உரிமக் கட்டணம் கட்டவேண்டிய கணினி எங்களிடம் அந்த ஒன்று மட்டும்தான் இருந்தது.

இப்போது கையில் உள்ள வேலை, முன் மேசையில் டெபியன் 12 ஓடும் 32-பிட் கணினி. 13ஐ அதில் நிறுவ வழியில்லை, 32-பிட் பீசிக்கான நிறுவலை நிறுத்திவிட்டார்கள். 12க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. அந்தத் தேதியை எழுதி மொனிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன், அதற்கு முன் ஒரு செகண்ட் ஹேண்ட் 64-பிட் இயந்திரத்துக்குக் காசு சேர்க்க வேண்டும்.