சேலத்தில் ஒரு போன், ஏற்காட்டில் ஒரு போன்

2022 ஜூனில் நானும் என் மச்சானும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாடல் போன் வாங்கினோம். 5000 எம்ஏஎச் பேட்டரி, பெட்டிக்குள்ளேயே 33 வாட் சார்ஜர். நிறம் மட்டும்தான் வேறு. அவனுக்கு ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற வேலை. எனக்குச் சேலத்தில் லைன் சேல்ஸ். கொண்டலாம்பட்டி, தாதகாப்பட்டி, அம்மாபேட்டை என்று பைக்கில் கடை கடையாக ஏறி ஆர்டர் எடுக்க வேண்டும். போன் அணைந்தால் அன்றைய ஆர்டரும் அணைந்த மாதிரிதான்.

அதனால் பேட்டரி விஷயத்தில் நான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. வீட்டில் கம்பெனி சார்ஜரைத் தவிர வேறு எதையும் சொருக விடமாட்டேன். நூறு ஆனதும் எழுந்துபோய்ப் பிடுங்குவேன். மச்சானோ ராத்திரி ஒன்பது மணிக்குச் சொருகிவிட்டுப் படுத்தால் காலையில்தான் எடுப்பான்.

இரண்டு வருடம் முடிந்ததும் ஒரு ஆப் போட்டு இரண்டு போனையும் பார்த்தேன். சார்ஜ் ஏறும்போது உள்ளே போகிற மின்சாரத்தைக் கூட்டிப் பார்த்து, பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்று அது ஒரு மதிப்பு சொல்லும். இரண்டு மூன்று சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். என் போன் 77. அவனுடையது 89. "என்ன மாமா, குழந்தை மாதிரி வளர்த்தும் இளைச்சுப் போச்சே" என்று சிரித்தான். அன்றைக்கு வந்த எரிச்சலில்தான் இதை உட்கார்ந்து ஆராய ஆரம்பித்தேன்.

முதலில் பழி போட்டது சார்ஜர்மேல். பெட்டியில் வந்த சார்ஜரின் கேபிள் பதினான்காவது மாதம் கழுத்தில் பிய்ந்துவிட்டது. அவசரத்துக்குப் பஸ் ஸ்டாண்டில் 150 ரூபாய்க்கு ஒரு சார்ஜர், கேபிளோடு சேர்த்து வாங்கினேன். அதைச் சொருகியபடி ஆர்டர் டைப் பண்ணினால் ஸ்கிரீன் பேய் பிடித்த மாதிரி ஆடும். "5 பெட்டி" என்று அடித்தால் "55" என்று விழும். வெறுங்காலில் நின்றுகொண்டு போனின் ஓரத்தைத் தொட்டால் விரலில் ஒரு குறுகுறுப்பு. வீட்டு மின்சாரத்தை இறக்கிச் சுத்தமாகக் கொடுக்க வேண்டிய உள்பாகங்களில் காசை மிச்சம் பிடித்தால் இப்படித்தான் ஆகும். மின்சாரத்தில் இரைச்சல் கலந்து வரும், டச் குழம்பும்.

சின்ன யுஎஸ்பி மீட்டர் ஒன்று வாங்கி நடுவில் சொருகிப் பார்த்தேன். சார்ஜரில் 2.4 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது. மீட்டர் 0.8-ஐத் தாண்டவே இல்லை. பெயின்ட் கடைப் பையன் ஒருவனிடம் நல்ல கேபிள் இருந்தது, அதை மாற்றிப் போட்டதும் 1.3. ஆக, பாதிக் குற்றம் கேபிளுடையது. உள்ளே தலைமுடி மாதிரி செம்பு வைத்திருந்தால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். சார்ஜரை மட்டும் திட்டுகிறவர்கள் ஒரு தடவை கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் ஆபீஸில் ஒருவர் தன் லேப்டாப்பின் 65 வாட் டைப்-சி சார்ஜரைக் கொடுத்தார். "வெடிச்சிரும்டா" என்று பக்கத்துச் சீட்டில் பயமுறுத்தல் வேறு. வெடிக்கவில்லை. சார்ஜர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் போன் கேட்கிற அளவுதான் உள்ளே போகும். குழாயில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் திறக்கிற அளவுதானே வரும், அப்படி. வேறு கம்பெனி என்பதால் இரண்டுக்கும் வேகச் சார்ஜிங் பாஷை ஒத்துப்போகவில்லை, 15 வாட்டுக்குள் இறங்கி நின்றுகொண்டது. நேரம் கூடப் பிடித்தது, ஆனால் போன் சூடாகவில்லை.

சூடு. விஷயம் அங்கேதான் இருந்தது, எனக்குத்தான் ரொம்ப நாள் உறைக்கவில்லை.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை எனக்கு ஏற்காடு லைன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், மழை பிடித்துக்கொண்டால் மச்சான் வீட்டிலேயே தங்கிவிடுவேன். அப்படி ஒரு ராத்திரி, கேபிள் மட்டும் மாற்றிய கம்பெனி சார்ஜரிலேயே 20 சதவீதத்திலிருந்து போட்டேன். ஒரு மணி பத்து நிமிடத்தில் நிறைந்துவிட்டது. மறுநாள் என் வீட்டில் அதே சார்ஜர், அதே 20. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்! ஆப்பில் பார்த்தால், அங்கே பேட்டரி 33 டிகிரி, இங்கே 44. சூடு ஏறினால் போன் தானே சார்ஜ் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நான் அதை வருடக்கணக்கில் "சார்ஜர் வீக்" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட அறை. ஏப்ரல், மே மாதங்களில் ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் அனல் விடும். அதற்குள் மெத்தைமேல், தலையணை ஓரமாக, ரப்பர் கவரும் போட்ட போன். வேகாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்குப் பகலில் பைக் ஹேண்டில்பாரில் மாட்டி, வெயிலில் மேப் ஓட, ஸ்கிரீன் முழு வெளிச்சத்தில், பைக் சார்ஜரும் ஏறிக்கொண்டிருக்கும். ஆப்பிள் தன் போன்களை 0-லிருந்து 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது. சேலத்துச் சித்திரையில் அந்த 35 காலையிலேயே முடிந்துவிடும். ஒருநாள் ஐந்து ரோட்டில் சிக்னலில் நிற்கும்போது "சூடு அதிகம், சார்ஜிங் நிறுத்தப்பட்டது" என்று போனே கையை விரித்துவிட்டது.

லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: சூடும், முழு வயிறும். நூறு சதவீதத்தில் செல் வோல்டேஜ் 4.4 பக்கம் போய் உட்கார்ந்திருக்கும், பாதி வயிற்றில் 3.8 சொச்சம். அந்த அழுத்தத்தில் உள்ளே வேண்டாத ரசாயன வேலைகள் மெதுவாக நடக்கும், சூடு அதை முடுக்கிவிடும். மச்சான் விடிய விடிய நூறில் வைத்தாலும் ஏற்காட்டுக் குளிர் அவனைக் காப்பாற்றியது. எனக்கு இரண்டும் சேர்ந்து அடித்தது. கடைக்காரர் சொன்ன "முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போடணும், மாசம் ஒரு தடவை சுத்தமா இறக்கணும்" என்பதெல்லாம் பழைய நிக்கல் பேட்டரி காலத்துச் சமாச்சாரம். சுத்தமாக இறக்குவது இதற்குக் கெடுதல்தான்.

நியாயமாகச் சொன்னால் எங்கள் இருவர் கணக்கும் சமமில்லை. எனக்கு லைன் நாளில் ஒன்றரை முழுச் சார்ஜ் செலவாகும், அவனுக்கு ஒன்றுகூட ஆகாது. 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 முழுச் சுற்றுக்குப் பிறகும் (ஒரு முழுச் சார்ஜ் செலவானால் ஒரு சுற்று) கொள்ளளவில் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று விதி. என் வேகத்துக்கு அந்த 800 ஒன்றரை வருடத்தில் முடிந்துவிடும்.

சூடு என்றதும் இன்னொன்று. எங்கள் ஆபீஸ் தம்பி ஒருவன் சூடான போனைக் குளிர்விக்க பிரிட்ஜில் வைத்தான். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் பூத்து ஸ்பீக்கர் போனதுதான் மிச்சம்.

2024 ஜூலையில் ஒரு கடையில் 1,100 ரூபாய்க்கு, கம்பெனியுடையது அல்லாத பேட்டரி ஒன்றை மாற்றிப் போட்டேன். ஐந்தாவது மாதம் போனின் பின்மூடி ஓரத்தில் நகம் போகிற இடைவெளி. உப்பிவிட்டது. கடைக்காரர் "உங்க சார்ஜர் சரியில்லை சார்" என்றார். பார்த்தீர்களா, அவரும் சார்ஜர்மேல்தான். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது என்பதால் உடனே அணைத்து, சர்வீஸ் சென்டரில் கொடுத்து அசல் பேட்டரி போட்டேன். 1,900 ரூபாய்.

அதிலிருந்து கவரைக் கழற்றி, சமையலறைக் கடப்பாக்கல் மேடையில் வைத்துச் சார்ஜ் போடுகிறேன். கல்லின் குளிர்ச்சியிலேயே ஐந்தாறு டிகிரி குறைகிறது. போனில் 80-இல் நிறுத்தும் வசதி இருக்கிறது, லைன் நாள் தவிர அது எப்போதும் ஆனில். பைக் சார்ஜரைக் கழற்றியே விட்டேன், போன் இப்போது சட்டைப்பையில். முதல் பேட்டரி இரண்டு வருடத்தில் 77-க்கு வந்திருந்தது. இது ஒரு முழுக் கோடையைத் தாண்டியும் 94.

மச்சான் போன் ஸ்கிரீன் கீறலோடு இன்னும் ஓடுகிறது. ஆனால் அங்கே வேறு கூத்து. இடி மழை மாதங்களில் எஸ்டேட் லைனில் கரண்ட் ஏறி இறங்கி, இரண்டு சார்ஜர் கருகிவிட்டது. போன வாரம் கூப்பிட்டு, "மாமா, வரும்போது ஒரு சார்ஜர் வாங்கிட்டு வாங்க" என்றான். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் ஐஎஸ் 13252 முத்திரையும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளதாகப் பார்த்து, அந்த எண்ணை அவர்களுடைய பிஐஎஸ் கேர் ஆப்பில் சரிபார்த்து, 700 ரூபாய்க்கு வாங்கி வைத்திருக்கிறேன். இடி இடித்தால் பிடுங்கி வை என்று கூடவே சொன்னேன். "தூக்கத்துல எப்படி மாமா எந்திரிக்கிறது?" என்கிறான்.