வருடக்கணக்கில் பயன்படுத்திய பிறகு: எங்கள் கேம்பிங் சாமான்களில் நின்றதும் போனதும்

கேம்பிங் சாமான்களைப் பற்றி வரும் கருத்துகளில் பெரும்பாலானவை வாங்கிய வாரத்திலேயே எழுதப்பட்டவை. புது டென்டைப் புல்வெளியில் நிறுத்தி ஒரு படம் எடுத்து, ஐந்து நட்சத்திரமும் போட்டுவிடுகிறார்கள். நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் பல வருடங்களாக இப்படி வெளியில் தங்கி வருகிறோம். ஒரு பொருளின் உண்மைக் குணம் இரண்டு நேரத்தில்தான் தெரியவரும். ஒன்று, போய்ச் சேர்ந்ததும் இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் பிரித்து நிறுத்தியாக வேண்டிய நேரம். இன்னொன்று, விடியலுக்கு முந்தைய குளிர். இரண்டிலும் தேறியவைதான் இன்று எங்கள் பெட்டியில் மிச்சம் இருக்கின்றன.

முதலில் டென்ட். உறையில் 'நான்கு பேருக்கு' என்று போட்டிருந்தால், நான்கு பேர் தோளோடு தோள் உரசிப் படுக்கலாம் என்று அர்த்தம். பைகளை வைக்கவோ, புரண்டு படுக்கவோ, நள்ளிரவில் ஒரு பிள்ளையை எழுப்பி வெளியே கூட்டிப்போகவோ அந்தக் கணக்கில் இடம் கிடையாது. நாங்கள் வைத்திருப்பது ஆறு பேர் டென்ட். நான்கு பேருக்கு அது தாராளம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், சரியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உறையில் இருக்கும் இன்னொரு எண் நீர் தாங்கும் அளவு. துணியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கசியத் தொடங்கும் என்பதுதான் அது. மேல்துணிக்கு 1500 இருந்தால் சாதாரண மழைக்குப் போதும். தரைத்துணிக்குக் கட்டாயம் இன்னும் அதிகம் வேண்டும், ஏனென்றால் ஈரத் தரையில் முழங்காலை ஊன்றும்போது அந்த ஒரு புள்ளியில் விழும் அழுத்தம் மழையைவிட அதிகம். நடைமுறையில் தண்ணீர் உள்ளே வருவது துணி வழியாக இல்லை, தையல் வழியாகத்தான். தையல்களின் மேல் ஒட்டியிருக்கும் நாடா உரியத் தொடங்கிவிட்டால் உறையில் எந்த எண் இருந்தும் பயனில்லை. வருடத்துக்கு ஒருமுறை அதை விரலால் தடவிப் பார்த்து, உரிந்த இடத்தில் அதற்கென்று விற்கும் பசையைப் பூசுகிறோம்.

காலையில் உட்புறச் சுவரில் துளித்துளியாக நிற்கும் தண்ணீரைப் பார்த்து டென்ட் ஒழுகுகிறது என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. அது நம் மூச்சுக்காற்று. நான்கு பேர் இரவு முழுக்க விடும் மூச்சில் இருக்கும் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. மழை பெய்தாலும் மேலே உள்ள காற்றுத் திறப்புகளை மூடக் கூடாது என்பதை நாங்கள் எழுதாத சட்டமாகவே வைத்திருக்கிறோம். மேல்துணியும் உள்கூடும் தனித்தனியாக இருக்கும் இரண்டடுக்கு டென்டை எடுத்ததற்கும் இதுதான் காரணம். நீர் மேல்துணியில் படியும், உள்கூட்டில் ஒட்டிப் படுத்திருக்கும் பிள்ளையின் மேல் விழாது.

டென்டுக்கு அடியில் விரிக்கும் ஷீட் டென்டைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்துணியிலிருந்து வழியும் மழையை அதுவே பிடித்து அடியில் கொண்டுபோய்த் தேக்கிவிடும். பெரிய ஷீட்தான் கைவசம் இருக்கிறது என்றால் ஓரங்களைக் கீழ்ப்புறமாக மடித்துவிட்டால் போதும்.

கம்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பழைய டென்டில் இருந்தவை ஃபைபர்கிளாஸ் கம்பிகள். அவை பட்டென்று முறிவதைவிட நீளவாக்கில் பிளப்பதுதான் அதிகம். பிளந்த இடத்தில் கையை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு ஏறிவிடும், எடுப்பதற்குள் உயிர் போய்விடும். இப்போது இருப்பவை அலுமினியம். வளைகின்றன, ஆனால் பிளப்பதில்லை. எந்தக் கம்பியாக இருந்தாலும், உடைந்த இடத்தின் மேல் மாட்டுகிற ஒரு சாண் உலோகக் குழாயும் கொஞ்சம் அகலமான ஒட்டுநாடாவும் கட்டாயம் வேண்டும். நாடாவை முழு உருளையாகச் சுமக்க வேண்டாம், தண்ணீர் பாட்டிலின் மேல் சில சுற்று சுற்றி வைத்தாலே காரியம் ஆகும்.

அந்தப் பழைய டென்ட் கடைசியில் செத்தது மழையிலோ காற்றிலோ இல்லை, அலமாரியில். உள்புறத்தில் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு காற்றின் ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதையும் இயல்புள்ளது. ஒரு சீசனில் பிரித்தபோது துணி பிசுபிசுவென்று ஒட்டியது, வாந்தி போல ஒரு வாடை. துவைத்தாலும் தேறாது. புது டென்டைத் திரும்பி வந்ததும் நிழலில் விரித்து, தையல் ஓரமும் ஜிப் மடிப்பும்கூட உலர்ந்த பிறகே சுருட்டுகிறோம். வெயிலில் நாள் கணக்கில் விடக் கூடாது, நைலானை வெயில் அரித்துவிடும்.

இனி படுக்கை. நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான், காரணம் கேம்பிங்கில் மனிதர்கள் காசை விடும் இடம் ஒன்று, குளிர் வரும் இடம் வேறொன்று. எல்லோரும் நல்ல ஸ்லீப்பிங் பேக் தேடுகிறார்கள். ஆனால் படுத்ததும் நம் எடையில் பையின் அடிப்பகுதி நசுங்கிவிடுகிறது. நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை, காற்று இல்லாத இடத்தில் கதகதப்பும் இல்லை. உடம்பின் சூட்டைத் தரை நேராக உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் சின்னவள் ஓர் இரவு பைக்குள் முழுசாகப் புதைந்திருந்தும் "அம்மா, கீழ இருந்து குளிருது" என்றாள். அவளுக்கு அடியில் இருந்தது உயரமான, சொகுசான காற்று மெத்தை.

அந்த மெத்தைதான் இந்த வருடங்களில் எங்களை அதிகம் ஏமாற்றிய பொருள். உள்ளே வெறும் காற்று, அதுவும் நாம் புரளப் புரள சுற்றிக்கொண்டே இருக்கும் காற்று. அது தரையின் குளிரை மேலே கொண்டுவந்து சேர்க்கிறது. இரவில் காற்று குளிர்ந்து சுருங்குவதால் மெத்தையும் தளரும், காலையில் ஓட்டை எங்கே என்று தேட வேண்டியதில்லை. இப்போது வாங்குபவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற சோதனை முறை 2018இல் வந்த பிறகு, நல்ல நிறுவனங்கள் எல்லாம் ஒரே முறையில் அளந்த ஆர் மதிப்பைப் போடுகின்றன. எண் கூடினால் குளிர் தாங்கும் திறன் கூடும். சாதாரண ஃபோம் பாய் 2க்கு அருகில் நிற்கும். பஞ்சு எதுவும் வைக்காத காற்று மெத்தை 1ஐச் சுற்றித்தான். முக்கியமாக, ஒன்றின் மேல் ஒன்றை விரித்தால் இரண்டு மதிப்புகளையும் கூட்டிக்கொள்ளலாம். அதனால் நாங்கள் எதையும் தூக்கி எறியவில்லை, எல்லார் மெத்தைக்கும் ஆளுக்கொரு ஃபோம் பாய் சேர்ந்துகொண்டது. இன்று என்னிடம் ஒரே ஒரு பொருள்தான் வாங்கலாம், எதை வாங்க என்று கேட்டால் அந்த மட்டமான ஃபோம் பாயைத்தான் சொல்வேன். ஓட்டை விழாது, ஜிப் இல்லை, பகலில் உட்காரலாம், காரின் டிக்கியில் பெட்டிகளுக்கு நடுவே சொருகி ஆட்டத்தையும் தடுக்கலாம்.

ஸ்லீப்பிங் பேக்கில் போட்டிருக்கும் வெப்பநிலையை வாசிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 23537 தரப்படி மூன்று எண்கள் வரும். 'கம்ஃபர்ட்' என்பதுதான் நிம்மதியாகத் தூங்கும் அளவு. 'லிமிட்' என்றால் சுருண்டு படுத்தால் சமாளிக்கலாம். 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் தப்புவதற்கான எல்லை, தூங்குவதற்கு இல்லை. உறையில் பெரிய எழுத்தில் எந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, குழந்தைகளுக்கான பைகள் அந்தத் தரத்துக்குள்ளேயே வருவதில்லை. அவர்கள் உடம்பு எவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்று கணிக்க ஏற்ற கணக்கீட்டு முறை இல்லாததே காரணம். எனவே பிள்ளைகளின் பையில் இருக்கும் எண்ணை ஒரு அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு படி கூடுதலாகவே வைக்கிறோம். பெரியவர்கள் பையில் பிள்ளைகளைப் படுக்க வைத்தால் காலடியில் வெற்றிடம் மிஞ்சும், அதைச் சூடாக்கவே அவர்கள் உடம்பு பாடுபடும். மிஞ்சிய பகுதியைக் கயிற்றால் கட்டி அடியில் மடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

வாத்து இறகுப் பை லேசு, கதகதப்பு. ஆனால் நனைந்தால் இறகுகள் கட்டியாகி எதற்கும் உதவாது. பிள்ளைகள் இருக்கும் டென்டில் எது எப்போது கொட்டும் என்று யாருக்குத் தெரியும்? பெரியவர்கள் இருவருக்கும் இறகு, பிள்ளைகளுக்குச் செயற்கைப் பஞ்சு. வீட்டில் வைக்கும்போது அந்தச் சின்ன உறைக்குள் அமுக்கி வைப்பதில்லை, பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டிருக்கிறோம். இறகுப் பை இன்றும் முதல் வருடத்தைப் போலவே உப்புகிறது. செயற்கைப் பஞ்சு சற்றுத் தட்டையாகிவிட்டது.

விளக்கு விஷயத்தில் சுருக்கமாக: தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கொன்று, லாந்தர் ஒன்று போதும். பேட்டரி இத்தனை மணி நேரம் தாங்கும் என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளிச்சம் ஆரம்ப அளவில் 10 சதவீதமாகக் குறையும் வரை உள்ள நேரத்தைத்தான் கணக்கில் காட்டுகிறார்கள். பைக்குள் பொத்தான் அழுந்தி விளக்கு எரிந்தே தீர்ந்துபோவதும் நடக்கும், அதனால் பயணத்தின்போது ஒரு பேட்டரியைத் தலைகீழாகப் போட்டு வைக்கிறோம். சிவப்பு வெளிச்சம் உள்ள விளக்கு கிடைத்தால் எடுங்கள். நள்ளிரவில் ஒருவர் எழுந்தால் மற்ற மூவரின் கண் கூசாது.

அடுப்பில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, காஸ் குப்பியில்தான். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில் கொதிக்கும் வாயு. உறைபனிக் குளிரில் அது திரவமாகவே கிடக்கும், அடுப்பு மூச்சு வாங்கும். குளிர்காலத்தில் போவதாக இருந்தால் புரோப்பேன் கலந்த குப்பியாக வாங்க வேண்டும். அப்புறம், எவ்வளவு மழை பெய்தாலும் எவ்வளவு குளிர்ந்தாலும் டென்டுக்குள் அடுப்போ கரி நெருப்போ வரக் கூடாது. நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மழைக்கு மறைவாக ஒரு தார்ப்பாயைத் தனியே கட்டி அதன் கீழ் சமைக்கிறோம். எங்கள் சாமான்களிலேயே காசுக்கு மேல் உழைத்தது அந்தத் தார்ப்பாய்தான்.

ஐஸ் பெட்டி விலையைப் பொறுத்து அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை, நிரப்பும் விதத்தில்தான் தெரிந்தது. முந்தைய இரவே உள்ளே குளிர்வித்து, சில்லுகளுக்குப் பதிலாகப் பெரிய ஐஸ் பாளமாக வைத்தால் மெதுவாகத்தான் உருகும். தண்ணீரை பாட்டிலில் உறைய வைத்துப் போட்டால் உருகியதைக் குடித்தும் விடலாம். குடிக்கும் பானங்களுக்குத் தனிப் பெட்டி வேண்டும். பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கும் பெட்டியில் பாலும் இறைச்சியும் இருக்கக் கூடாது.

தண்ணீர் வடிகட்டி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நூல் போன்ற குழாய்களால் ஆன வடிகட்டி, நனைந்த நிலையில் ஒருமுறை உறைந்துவிட்டால் போச்சு. வெளியே பார்த்தால் எந்த அடையாளமும் தெரியாது. குளிர் இரவில் அது என் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வந்துவிடும். இந்த வகை வடிகட்டி பாக்டீரியா போன்ற கிருமிகளைப் பிடித்தாலும் வைரஸ்களைப் பிடிக்காது. சந்தேகமான தண்ணீரை ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுகிறோம், 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். பூச்சி கடிக்காமல் இருக்கத் தடவும் டீட் என்ற மருந்து நன்றாகக் கேட்கும், ஆனால் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். என் மூக்குக் கண்ணாடிச் சட்டத்தில் இன்னும் விரல்தடம் இருக்கிறது. பூச்சிக்கே தடவும் இன்னொரு மருந்தான பிகாரிடின் பிளாஸ்டிக்கைக் கரைப்பதில்லை.

இத்தனை பொருளையும் எப்படி அடுக்குகிறோம் என்பதில்தான் போய்ச் சேர்ந்த முதல் ஒரு மணி நேரம் அடங்கியிருக்கிறது. பைகளை விட்டுவிட்டு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு மாறியதும் சண்டை பாதியாகக் குறைந்தது. சமையலுக்கு ஒன்று, படுக்கைக்கு ஒன்று, அப்புறம் 'முதல் பெட்டி' என்று ஒன்று. தரை ஷீட், முளைகள், சுத்தியல், தலைவிளக்குகள், மருந்துப் பை, ஈரத்துணி, பிள்ளைகளுக்குச் சமைக்காமல் தின்னத் தருகிற ஏதாவது ஒன்று, இவ்வளவும் அதில். முதலில் வேண்டியது கடைசியில் ஏறும், எனவே அந்தப் பெட்டியும் டென்டும் டிக்கியின் வாசலிலேயே இருக்கும். மழையில் போய் இறங்கினாலும் மற்ற எதையும் திறக்காமல் கூரையை நிறுத்திவிடலாம்.

துணிகளை நாள்வாரியாகச் சுருட்டி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஜிப் பை. பிள்ளைகள் தங்கள் பையைத் தாங்களே அடுக்குகிறார்கள், நான் கடைசியில் ஒருமுறை பார்ப்பதோடு சரி. தூங்கும் உடை மட்டும் தனி. பகலில் எவ்வளவு அவசரமானாலும் அதைத் தொடக் கூடாது. வேர்வையும் ஈரமும் ஏறிய பருத்தித் துணியோடு பைக்குள் நுழைந்தால், மேலே சொன்ன ஆர் மதிப்பெல்லாம் வீண்.

பட்டியல் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. வீடு திரும்பியதும், சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே, அதில் பேனாவால் திருத்துகிறோம். தொடாமலே திரும்பி வந்தவற்றுக்குக் குறுக்குக் கோடு. மடக்கு மேசை இரண்டாவது, காபி இயந்திரம், அலங்கார விளக்குச் சரம், பெரிய கோடாலி எல்லாம் அப்படிப் போனவை. மருந்து, மழைக்கோட்டு, பழுது பார்க்கும் பொருள்கள் மூன்றுக்கும் இந்த விதி கிடையாது. அவை தொடாமல் திரும்பினால் சந்தோஷம்.

தற்போதைய நிலவரம்: டென்டின் ஒரு ஜிப் பல் வழுக்குகிறது, இழுப்பானை மாற்றினால் சரியாகிவிடும். மடக்கு நாற்காலிகளில் ஒன்றின் துணி தையலில் கிழிந்தது, தைத்தாயிற்று. பெரியவனின் ஸ்லீப்பிங் பேக் நீளம் போதவில்லை, அடுத்த சீசனுக்குள் மாற்ற வேண்டும். அவனுடைய பழையது சின்னவளுக்குப் போகும், கால்மாட்டில் கயிறு கட்டி.