துப்பாக்கி தொங்கிய ஆணியில் பைனாகுலர்: எட்டு வருடப் பயன்பாடு

கன்னியாகுமரி மாவட்டத்தில், பேச்சிப்பாறை அணையின் நீர்ப்பிடிப்பை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் ரப்பரும் வாழையும் உண்டு. ராத்திரியில் மிளா இறங்கி வாழைக்கன்றைக் கடித்துவிட்டுப் போவது இந்தப் பக்கத்தில் ஒரு செய்தியே இல்லை. மற்ற ஊர்களில் கடமான் என்பார்களே, அதுதான் எங்களுக்கு மிளா. 2017-இல் அதைப் பார்க்கவென்றே 8-க்கு 42 பைனாகுலர் ஒன்று வாங்கினேன்; எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர் அகலம். பெட்டியின் மேல் 'மான் வேட்டைக்கு ஏற்றது' என்று அச்சடித்திருந்தது. அதை வாசித்துக் காட்டியதும் அம்மா கேட்டாள்: "உங்க பாட்டா விட்டதை நீ தொடங்கப் போறியா?"

பாட்டாவிடம், அதாவது தாத்தாவிடம், நாட்டுத் துப்பாக்கி இருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து சில வருடத்தில் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். துப்பாக்கி போனாலும் அது தொங்கிய ஆணி சுவரிலேயே இருந்தது. பைனாகுலரை அதில்தான் மாட்டினேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வேட்டை நாடுகளில் விற்கும் சாமானை நாம் ஏன் வாங்க வேண்டும் என்று கேட்கலாம். காரணம் நேரம்தான். மிளா வெளியே வருவது அந்தி மயங்கும்போது, திரும்பிப் போவது விடியும் முன். அங்கே மான் வேட்டைக்குப் போகிறவனுக்கும் இங்கே சும்மா பார்க்கப் போகிறவனுக்கும் தேவை ஒன்றே, அரைவெளிச்சத்தில் தெரிய வேண்டும். கணக்கு எளிது. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. அத்தனை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒளி கண்ணுக்குள் வரும். இதுவே 10-க்கு 42 என்றால் 4.2 தான். கடைக்காரர் 10-ஐத்தான் தலையில் கட்டப் பார்த்தார். "பெரிசாத் தெரியும்" என்றார். பெரிதாகத் தெரியும், சரி. ஆனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகுமே!

முதல் மாதம் முழுக்க இடது கண்ணுக்கு ஒரு மாதிரி, வலது கண்ணுக்கு ஒரு மாதிரி தெரிந்தது. தலைவலி வேறு. வலது கண் வளையத்தைத் தனியாகத் திருப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. வலது பக்க லென்ஸை மூடி, இடது கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்க வேண்டும். அப்புறம் இடதை மூடிவிட்டு வலது வளையத்தைத் திருப்ப வேண்டும். ஒரு தடவை வைத்துவிட்டால் அவரவர் கண்ணுக்கு அதுவே அளவு. வீட்டுக்கு வருகிற மாமன்மார் ஆளுக்கொரு பக்கம் திருகி வைத்துவிட்டுப் போவார்கள் என்பதால் வளையத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தேன்.

அந்தக் கண்ணாடியில் பார்த்த முதல் மிளா இன்னும் கண்ணில் நிற்கிறது. சித்திரை மாதம். தண்ணீர் இறங்கி எதிர்க்கரையில் சேறு தெரிந்த நேரம். வெறுங்கண்ணுக்கு அது ஒரு கரிந்த மரக்குற்றி. கண்ணாடியை வைத்ததும் குற்றிக்குக் காது முளைத்தது. ஒரு காது என் பக்கம் திரும்பியிருக்க, மற்றது பின்னால் காட்டுப் பக்கம். இரண்டும் தனித்தனியாகத் திரும்பின. கழுத்து ரோமத்தில் தண்ணீர் சொட்டியது. முன்னங்காலை ஒரு தடவை ஓங்கித் தரையில் தட்டியது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை, சேறு தெறித்தது மட்டும் தெரிந்தது.

இனி ஆணி விஷயம். நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டாவது வருடம் கார்த்திகையில் எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்கு உள்ளே சிலந்திவலை போல மெல்லிய இழைகள். பூஞ்சை! நாகர்கோவிலில் ஒரு கேமரா கடையில் கழற்றித் துடைத்துத் தந்தார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் வந்தது. அரிசிப் பானைக்குள் வைக்கும் வைத்தியத்தையும் செய்துபார்த்தேன், தவிடுதான் ஒட்டியது. கடைசியில் உதவியது இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு கை சிலிக்கா ஜெல்லும். நீலமாக இருக்கும் மணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். வாணலியில் மிதமான சூட்டில் புரட்டினால் மறுபடி நீலமாகும். ஆறு வருடமாக இதே முறைதான்.

இன்னொரு சேதம் முழுக்க என் கைவேலை. கொசு மருந்து தடவிய கையோடு பிடித்துப் பிடித்து, மேலே போர்த்தியிருந்த ரப்பர் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. அந்த மருந்தில் இருக்கும் டீட் சில வகை ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். என் கட்டைவிரல் அடையாளம் இன்றைக்கும் அதில் பதிந்திருக்கிறது.

கூட வாங்கிய சாமான்களில் அட்டைக்கடிக்குப் போடும் முழங்கால் உறை மூன்று மழைக்குத்தான் வந்தது. அதன் அளவை வைத்துக் காடாத் துணியில் தையல்காரரிடம் இரண்டு ஜோடி தைத்தேன், இதுதான் உழைக்கிறது. தலையில் கட்டும் லைட், ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் வைத்திருப்பதே போதும். மேலே சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டேன். மானுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் பளீரென்று ஆரஞ்சுச் சட்டை போட்டுப் போவதும் இந்தத் தைரியத்தில்தான். சக மனிதனுக்குத் தெரியும், மானுக்கு மங்கல். நம் ஆட்கள் நீல ஜீன்ஸும் வெளுத்த வெள்ளைச் சட்டையுமாய் வந்து உட்கார்ந்துவிட்டு ஒன்றையும் காணோம் என்பார்கள்.

நம் வாடையைக் காற்று மிளாவிடம் கொண்டுபோய்விடும்; அந்தக் காற்றின் திசை பார்க்க மட்டும் எதையும் வாங்கவில்லை. பாட்டா இடுப்பில் ஒரு துணிமுடிச்சில் அடுப்புச் சாம்பல் வைத்திருப்பாராம். தட்டினால் தூள் பறக்கும் திசையைப் பார்த்துவிட்டுத்தான் நடப்பாராம். நான் காலியான காதுமருந்துப் புட்டியில் அதே சாம்பலை அடைத்திருக்கிறேன். மொத்தச் சாமானிலும் அதிகம் வேலை செய்வது அதுதான். பால்வெட்டுக்கு வரும் காணிக்காரர் (இந்த மலைப் பழங்குடி) ஒருவருக்கு இதுவும் தேவையில்லை. "தம்பி, கண்ணாடியை இறக்கு. முதல்ல காதை வை" என்பார். அவர் கைகாட்டிய பிறகுதான் பல தடவை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயம். 2008-இல் இந்த மலை வன உயிரினச் சரணாலயம் ஆகிவிட்டது. அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம், ராத்திரியில் லைட் அடித்துத் திரிந்தால் கேள்வி வரத்தான் செய்யும். நான் உட்காருவது எங்கள் வரப்பில்தான். கோதையாறு ரோட்டோரத்திலும் கீரிப்பாறை பக்கத்திலும் பகலில் பார்க்கலாம், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். இப்போது இங்கே சட்டப்படி நடக்கும் வேட்டை, விஜயதசமியன்று கன்னியாகுமரி பகவதி குதிரை ஏறி மகாதானபுரத்துக்குப் போகும் பரிவேட்டைதான்.

மறுபடி வாங்குவேனா என்றால், இதே அளவில் வாங்குவேன். பூஞ்சை தின்ற கறை ஓரத்தில் லேசாகத் தெரிகிறது, நடுவில் இன்னும் தெளிவு.

போன பங்குனியில் எதிர்க்கரையில் ஒரு கலை மிளா, ஆண் மிளாதான், ஒற்றைக் கொம்போடு நின்றது. மற்ற கொம்பு சேற்றில் கிடந்தது, மூன்று கிளையும் தெரிந்தது. உதிர்ந்த கொம்பென்றாலும் எடுக்கக் கூடாது. அம்மாவிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு நடையில இருந்த கொம்பு இதைவிடப் பெரிசு" என்றாள். அடுத்த மாதம் பார்க்கும்போது அதில் பாதியை முள்ளம்பன்றி கொறித்திருந்தது.